வைரஸைக் கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோயைக் குணப்படுத்த வைரஸைப் பயன்படுத்துகிறார்களாமே, அது என்ன சிகிச்சை?

புற்றுசெல்களுக்குள் புகுந்து, அங்கே பல்கிப் பெருகி, அந்தச் செல்களை வெடிக்கச் செய்து, பக்கத்திலுள்ள நல்ல செல்களைப் பெரிதும் தொந்தரவு செய்யாமல் விடக்கூடிய வைரஸ்களை மருந்தாகக் கொடுப்பதே இந்தச் சிகிச்சை. இத்தகைய வைரஸைப் புற்றழி வைரஸ் என்று இங்கே குறிப்பிடுகிறோம். சில வைரஸ்களுக்கு இந்தக் குணம் இயற்கையிலேயே ஓரளவு உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஆய்வகத்தில் மரபணுக்களை நீக்கியும் சேர்த்தும் அந்தக் குணத்தை வரவழைக்கிறார்கள். மற்ற மருந்துகளிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. மாத்திரையின் அளவு உடலுக்குள் போனபின் குறைந்துகொண்டே வரும். வைரஸோ தனக்கு ஏற்ற செல் கிடைத்தால் பெருகும். இந்தச் சிகிச்சையின் பலத்துக்கும் அதில் வேண்டியிருக்கும் எச்சரிக்கைக்கும் காரணம் இதுதான்.

வைரஸ்தான் சில புற்றுநோய்களை உண்டாக்குகிறது என்று படித்திருக்கிறேன். இது முரணாக இல்லையா?

முரண் இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி, கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஹெபடைடிஸ் பி போன்றவை செல்லுக்குள் பல ஆண்டுகள் தங்கி, அதன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டைக் கெடுப்பவை. சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் வைரஸ்கள் அப்படித் தங்கியிருந்து செல்லைப் புற்றாக மாற்றுபவை அல்ல. புகுந்த செல்லைச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அழித்துவிட்டு வெளியேறுபவை. ஹெச்பிவி, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளும் இந்தச் சிகிச்சையும் வெவ்வேறானவை. அந்தத் தடுப்பூசிகள் புற்றுநோய் வராமல் காப்பவை. வந்துவிட்ட புற்றுநோய்க்கு அவை மருந்தாகா.

எது புற்றுசெல், எது நல்ல செல் என்று வைரஸுக்கு எப்படித் தெரியும்?

வைரஸுக்கு எதுவும் தெரியாது; அது கிடைத்த கதவையெல்லாம் தட்டும். எந்த வீட்டில் காவல் இல்லையோ அங்கே குடியேறும். நம் உடலிலுள்ள நல்ல செல் ஒன்றுக்குள் வைரஸ் நுழைந்தால், அந்தச் செல் உடனே இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் பொருளை வெளியிடும். தன்னுடைய புரத உற்பத்தியையே நிறுத்திக்கொள்ளும். தேவைப்பட்டால் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு செல் புற்றுசெல்லாக மாறுவதற்கு முதலில் அறுத்தெறிய வேண்டிய கட்டுகளும் இவைதான். தற்கொலை செய்துகொள்ளும் ஏற்பாடும், பெருகாதே என்று தடுக்கும் கட்டளைகளும் இருக்கும்வரை அதனால் வரம்பின்றி வளர முடியாது. அவற்றை இழந்துதான் அது வளர்கிறது. இழந்த அந்த இடத்தில்தான் வைரஸுக்கு வழி திறக்கிறது.

இதை ஒரு வைரஸில் வைத்துப் பார்க்கலாம். உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் ஐசிபி34.5 என்றொரு மரபணு இருக்கிறது. வைரஸ் நுழைந்ததும் நல்ல செல் தன் புரத உற்பத்தியை நிறுத்தும்போது, அதை மீண்டும் ஓட வைப்பதுதான் இந்த மரபணுவின் வேலை. ஆய்வாளர்கள் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வைரஸ் நல்ல செல்லுக்குள் போனால், உற்பத்தி நின்றுவிடும். வைரஸால் பெருக முடியாது. உற்பத்தியை நிறுத்தும் ஏற்பாடே பழுதாகிப்போன புற்றுசெல்லுக்குள் போனாலோ, அந்த மரபணு இல்லாமலேயே அது பெருகிவிடும். இவ்வளவு எளிய வெட்டு இவ்வளவு நுட்பமான பாகுபாட்டைத் தருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

இன்னொரு வழியும் உண்டு. சில புற்றுசெல்கள் தம் மேற்பரப்பில் குறிப்பிட்ட புரதங்களை அளவுக்கு மீறி வைத்திருக்கும். தட்டம்மைத் தடுப்பூசி வைரஸ் பற்றிக்கொள்ளும் சிடி46 என்னும் புரதம், எலும்புமஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவின் செல்களில் மிகுதியாக இருக்கிறது. போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் சிடி155 பல கட்டிகளில் மிகுதி. கைப்பிடி அதிகமாக உள்ள செல்லில் வைரஸ் அதிகமாக ஒட்டும்.

அப்படியானால் வைரஸே கட்டி முழுவதையும் அழித்துத் தீர்த்துவிடுமா?

இந்தத் துறையைப் பற்றிப் பொதுவாக நிலவும் தவறான எண்ணம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் ஆய்வாளர்களும் அப்படித்தான் எண்ணினார்கள்: ஒரு செல் வெடித்து ஆயிரம் வைரஸ்கள் வெளிவரும், அவை அடுத்த செல்களுக்குள் போகும், இப்படியே கடைசிச் செல்வரை தீ பரவுவதுபோல் பரவும் என்று. மனித உடலில் அப்படி நடப்பது அரிது. கட்டிக்குள் நார்த்திசு சுவர்போல் குறுக்கே நிற்கிறது, உள்ளழுத்தம் அதிகம், சில நாட்களிலேயே நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டு வைரஸைத் துடைத்தெறியத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் அந்த விழிப்புதான் சிகிச்சையின் உயிர்நாடி என்பது பிறகு தெரியவந்தது. புற்றுக்கட்டி பல காலமாக நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல், அல்லது பட்டும் அதைச் செயலிழக்கச் செய்து வளர்ந்து வந்திருக்கிறது. கட்டிக்குள் வைரஸ் தொற்று ஏற்பட்டதும், நோய்க்கிருமி வந்துவிட்டது என்ற அபாய அறிவிப்பு அந்த இடத்திலிருந்து முதன்முறையாக எழுகிறது. வெடித்த செல்களிலிருந்து, அதுவரை மறைந்திருந்த புற்றுநோய்க்கே உரிய புரதத் துண்டுகள் வெளியே கொட்டுகின்றன. டென்ட்ரிடிக் செல்கள் என்னும் காவல் செல்கள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போய் டி செல்களிடம் அடையாளம் காட்டுகின்றன. அந்த டி செல்கள் உடல் முழுவதும் சுற்றி, வைரஸ் ஒருபோதும் போய்ச்சேராத கட்டிகளையும் தாக்கக் கூடும். அதாவது, வைரஸ் கொல்லும் செல்களின் எண்ணிக்கையைவிட, அது காட்டிக்கொடுக்கும் செல்களின் எண்ணிக்கையே முக்கியம். நோயாளியின் கட்டியையே மூலப்பொருளாக வைத்து, அவர் உடலுக்குள்ளேயே தயாராகும் தடுப்பூசி என்று இதை ஆய்வாளர்கள் சொல்வது பொருத்தமான விளக்கம்.

இந்த எண்ணம் புதிதாகத் தோன்றியதா?

இல்லை, நூறு ஆண்டுகளைத் தாண்டியது. இன்ஃப்ளூயன்சா என்று கருதப்பட்ட காய்ச்சல் வந்த ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கை திடீரெனக் குறைந்ததை அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் டாக் 1904-இல் பதிவு செய்தார். காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. நாய்க்கடிக்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்று சுருங்கியதாக இத்தாலியிலிருந்து அடுத்த சில ஆண்டுகளில் செய்தி வந்தது. உகாண்டாவில் 8 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கண்ணைத் துருத்திக்கொண்டு பர்கிட் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுக்கட்டி வளர்ந்திருந்தது. சிகிச்சை தொடங்கும் முன்பே அவனுக்குத் தட்டம்மை வந்தது. அம்மை இறங்கியபோது கட்டியும் வற்றிப்போயிருந்தது. இது 1971-இல் மருத்துவ இதழில் புகைப்படங்களுடன் வெளிவந்தது. இவை எல்லாம் தனித்தனி நிகழ்வுகள், நிரூபணம் அல்ல. ஆனால் ஒரே திசையைச் சுட்டின.

1904-இலேயே தெரிந்திருந்தால், மருந்து வர ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று?

நடுவில் நடந்தவை கவனமாக நினைவில் வைக்க வேண்டியவை. 1949-இல் ஹாட்ஜ்கின் லிம்போமா நோயாளிகள் 22 பேருக்கு மஞ்சள்காமாலை வைரஸ் அடங்கிய ரத்த நீர் செலுத்தப்பட்டது. சிலருக்கு நோய் சிறிது காலம் தணிந்தது. பலருக்குக் காமாலைதான் வந்தது. 1950களில் நியூயார்க்கில் செஸ்டர் சௌதமும் ஆலிஸ் மூரும் மேற்கு நைல் வைரஸின் எகிப்து 101 என்னும் வகையை முற்றிய புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சில கட்டிகள் தற்காலிகமாகச் சுருங்கின. சிலருக்கு மூளை அழற்சி வந்தது. 1956-இல் கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகள் 30 பேருக்கு அடினோவைரஸ் செலுத்தியதில் பலருடைய கட்டியின் நடுப்பகுதி அழுகி உதிர்ந்தது, ஆயுள் நீளவில்லை. 1974-இல் ஜப்பானில் 90 நோயாளிகளுக்குப் புட்டாளம்மை வைரஸ் கொடுக்கப்பட்டு, 37 பேருக்குக் கட்டி மறைந்தோ பாதியாகக் குறைந்தோ போனதாக அறிவிக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு ஏதும் அந்த ஆய்வில் இல்லை.

அந்தக் காலத்தில் வைரஸை உள்ளபடியே கொடுக்க முடிந்ததே தவிர மாற்றியமைக்க முடியவில்லை. நோயாளியின் சம்மதம் பற்றிய நெறிகளும் பலவீனமாக இருந்தன. இதே சௌதம் 1963-இல் புரூக்ளினில் முதிய நோயாளிகளுக்கு, ஊசியில் இருப்பவை புற்றுசெல்கள் என்று சொல்லாமலேயே அவற்றைச் செலுத்தியது அம்பலமாகி, அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. வைரஸ் சிகிச்சையோடு நேரடித் தொடர்பு இல்லாத நிகழ்வுதான். ஆனாலும் இன்று ஒரு நோயாளி ஆய்வில் சேரும்போது இத்தனை பக்கங்களில் விளக்கித் தரப்பட்டுக் கையெழுத்து வாங்கப்படுவது ஏன் என்பது புரிய இதைச் சொல்லத்தான் வேண்டும்.

திருப்பம் 1991-இல் வந்தது. ராபர்ட் மார்ட்டூசாவும் டொனால்ட் கோயனும் அவர்களுடைய குழுவினரும் ஹெர்பிஸ் வைரஸிலிருந்து ஒரு மரபணுவை நீக்கி, மூளைக் கட்டியுள்ள எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் ஆயுளை நீட்டிக் காட்டினார்கள். வைரஸைத் திட்டமிட்டு வடிவமைக்கலாம் என்பது அதிலிருந்துதான் உறுதியாயிற்று.

இதுவரை எந்த நாடுகளில் எந்த மருந்துகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது?

முதலில் லாட்வியா, 2004-இல் ரிக்விர் என்னும் எக்கோ வகை வைரஸுக்கு அனுமதி அளித்தது. 2005-இல் சீனா, தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுக்க ஹெச்101 என்னும் மாற்றியமைக்கப்பட்ட அடினோவைரஸை ஏற்றது. 2015 அக்டோபரில் அமெரிக்காவும், அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு டி-வெக் என்னும் மாற்றியமைக்கப்பட்ட ஹெர்பிஸ் வைரஸ் மருந்தை அனுமதித்தன. இம்லிஜிக் என்பது அதன் வணிகப் பெயர். 2021 ஜூனில் ஜப்பான், கொடிய மூளைக் கட்டியான கிளியோமாவுக்கு ஜி47டெல்டா என்னும் ஹெர்பிஸ் வைரஸுக்குக் காலவரம்புடன் கூடிய நிபந்தனை அனுமதி வழங்கியது. பட்டியல் குறுகியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆய்வில் இருப்பவை இதைப்போலப் பல மடங்கு.

டி-வெக் உண்மையில் எவ்வளவு பலன் தந்தது?

அறுவைசிகிச்சையால் அகற்ற முடியாத மெலனோமா உள்ள 436 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்குக் கட்டிக்குள் வைரஸ் ஊசியும், மற்றவர்களுக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்னும் புரதம் தோலுக்கடியிலும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதமாவது நீடித்த பலன், வைரஸ் பெற்றவர்களில் 16.3 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் கிடைத்தது. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிர்வாழ்ந்த காலம், 23.3 மாதங்களும் 18.9 மாதங்களுமாக இருந்தது. இந்த ஆயுள் வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதியானது என்று சொல்லும் எல்லைக்குச் சற்று வெளியே நின்றுவிட்டது.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். நூறு பேரில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீடித்த பலன் கிடைக்கவில்லை என்பது ஒன்று. பலன் கிடைத்தவர்களில் சிலருக்குக் கட்டிகள் அறவே மறைந்து ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஊசி போட்ட கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பாதிக்கு மேல் சுருங்கின. ஊசி போடாத தோல், நிணநீர்க் கணுக் கட்டிகளில் மூன்றில் ஒன்று சுருங்கியது. நுரையீரல், கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளில் இருந்தவற்றில் ஆறில் ஒன்று அல்லது ஏழில் ஒன்றுதான். தூரம் கூடக்கூடப் பலன் தேய்கிறது. ஆனால் ஊசியே படாத இடத்தில் கட்டி சுருங்கியது என்ற ஒன்றே, நோயெதிர்ப்பு மண்டலம் பாடம் கற்றுக்கொண்டது என்பதற்குச் சான்று. மெலனோமா தோலிலும் அருகிலுள்ள கணுக்களிலும் மட்டும் பரவியிருப்பவர்களுக்கு இம்மருந்து அதிகம் உதவுவதும் இதனால்தான்.

ஊசி எப்படிப் போடப்படுகிறது? மருத்துவமனையில் தங்க வேண்டுமா?

பொதுவாகத் தங்க வேண்டியதில்லை. மருந்து சைபருக்குக் கீழே 70 முதல் 90 டிகிரி செல்சியஸில் உறைந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கும்; கொடுக்கும் அன்று உருக வைத்து ஊசிக்குழலில் எடுப்பார்கள். முதல் முறை ஒரு மில்லிலிட்டரில் 10 லட்சம் வைரஸ் என்ற மெல்லிய அளவு. உடல் இதற்கு முன் ஹெர்பிஸைச் சந்தித்திராவிட்டால் அதற்கு அறிமுகம் செய்துவைக்கவே இந்த முறை. மூன்று வாரம் கழித்து ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி என்று நூறு மடங்காகக் கூட்டி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்வார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிக்கு 4 மில்லிலிட்டர் வரை, அரை சென்டிமீட்டருக்கும் சிறிய முடிச்சுக்கு 0.1 மில்லிலிட்டர் என்று அளவு கட்டிக்குக் கட்டி மாறும்; ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது.

மருத்துவர் தோலில் ஒரே இடத்தில் ஊசியைக் குத்தி, முழுவதும் வெளியே எடுக்காமல், விசிறியை விரிப்பதுபோல் முனையைப் பல திசைகளில் திருப்பித் திருப்பிக் கட்டி முழுவதும் மருந்து பரவுமாறு செலுத்துவார். கைக்குத் தட்டுப்படாத கட்டியானால் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே செய்வார். பிறகு அந்த இடத்தை நீர் புகாத, காற்றுப்புகாத பட்டையால் மூடுவார்கள்.

வீட்டிலுள்ள குழந்தைகளுக்கோ முதியவர்களுக்கோ தொற்றிவிடுமா?

ஊசி போட்ட இடத்திலிருந்து கசியும் நீரில் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு வாரம், கசிவு நிற்காவிட்டால் அதற்கு மேலும், பட்டையை மூடியே வைத்திருக்க வேண்டும். பட்டை மாற்றிவிடுபவர் கையுறை அணிய வேண்டும். கழற்றியதை உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கர்ப்பிணிகளும், கைக்குழந்தைகளும், நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் அந்த இடத்தையோ கசிவையோ தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் உண்பதாலும் பேசுவதாலும் அஞ்சத் தேவையில்லை. எங்காவது கொப்புளம் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹெர்பிஸுக்கு எதிரான அசைக்ளோவிர் இந்த வைரஸுக்கும் வேலை செய்யும். அதே காரணத்தால், வேறு எதற்காகவாவது அசைக்ளோவிர் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், ஏனெனில் அது சிகிச்சையின் பலனையே குறைத்துவிடலாம்.

பக்கவிளைவுகள் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் சளிக்காய்ச்சல் வந்ததுபோல்தான்: குளிர் நடுக்கம், காய்ச்சல், உடல் அசதி, குமட்டல், ஊசி போட்ட இடத்தில் வலி. கீமோதெரபியில் வருவதுபோல் முடி உதிர்வதில்லை. அரிதாக, ஊசி போட்ட இடத்தைச் சுற்றிய தோலில் சீழ்த்தொற்று வரலாம். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், ரத்தப் புற்றுநோய் போன்ற காரணங்களால் நோயெதிர்ப்பு மிகவும் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு டி-வெக் கொடுக்கப்படுவதில்லை.

சிகிச்சை தொடங்கிய பிறகு கட்டி பெரிதாகிவிட்டது. மருந்து தோற்றுவிட்டது என்று பொருளா?

அவசியம் அப்படியில்லை. தொற்றும் அழற்சியும் நேர்ந்த இடத்தில் நோயெதிர்ப்புச் செல்கள் திரண்டு வருவதால் கட்டி சிறிது காலம் வீங்கித் தெரியலாம். டி-வெக் ஆய்வில் நீடித்த பலன் பெற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, பலன் தெரிவதற்கு முன் கட்டி வளர்ந்ததுபோலவோ புதுக் கட்டி தோன்றியதுபோலவோதான் இருந்தது. அதனால், வேறு சிகிச்சை உடனே வேண்டும் என்ற நிலை வந்தாலொழிய, குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்கிறார்கள். அந்த ஆறு மாதங்கள் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு நெஞ்சைப் பிசையும் காலம் என்பதை உணர்ந்து, இந்தச் சாத்தியத்தை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவர்கள் விளக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூளைக் கட்டிகளுக்கு இது ஏன் அதிகமாக முயலப்படுகிறது?

கிளியோபிளாஸ்டோமா போன்ற கட்டிகளுக்கு நல்ல மருந்துகள் மிகக் குறைவு. பல மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதே இல்லை. கட்டியோ பெரும்பாலும் மூளையை விட்டு வெளியே பரவுவதில்லை. நேரடியாக ஊசி வழியே செலுத்தும் சிகிச்சைக்கு இது ஏற்ற களம். மேலும், மூளையின் நரம்பு செல்கள் பெருகுவதில்லை என்பதால், பெருகும் செல்லை மட்டும் நாடும் வைரஸுக்கு அவை இரையாவதில்லை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் டோமோகி டோடோ தலைமையில் உருவான ஜி47டெல்டா, மூன்று இடங்களில் மாற்றப்பட்ட ஹெர்பிஸ் வைரஸ். மண்டையோட்டில் சிறு துளையிட்டு ஆறு முறை வரை செலுத்தப்பட்டது. 19 நோயாளிகளில் ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 84.2 சதவீதம், இடைநிலை ஆயுள் 20.2 மாதங்கள். கட்டி மீண்டும் வளர்ந்த நிலையில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத, 19 பேர் மட்டுமே கொண்ட ஆய்வு என்பதால்தான் அனுமதி நிபந்தனையோடு வந்தது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் குரோமையர், போலியோ தடுப்பூசி வைரஸின் ஒரு பகுதியைச் சளி உண்டாக்கும் ரைனோவைரஸின் பகுதியால் மாற்றி, நரம்பு செல்லில் பெருக முடியாத கலப்பு வைரஸை உருவாக்கினார். 61 பேரில் மூன்றாண்டுகள் வாழ்ந்தவர்கள் 21 சதவீதம். முன்னர் அதே மருத்துவமனையில் வேறு சிகிச்சை பெற்ற ஒத்த நோயாளிகளில் அது 4 சதவீதமாக இருந்தது. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டது என்பதை இங்கும் மறக்கக் கூடாது.

ஒவ்வொரு கட்டியாகக் குத்துவதற்குப் பதில் ரத்தத்தில் ஏற்றினால் என்ன?

எல்லோரும் விரும்புவது அதைத்தான். தடையாக நிற்பவை பல. ரத்தத்தில் ஏற்றிய வைரஸில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டிவிடும். ஏற்கெனவே தடுப்பூசியாலோ நோயாலோ அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள்கள் உருவாகியிருந்தால் அவை வழியிலேயே அதைப் பிடித்துவிடும். மிஞ்சுவது ரத்தத்தில் கரைந்து நீர்த்துப்போகும்.

முடியாததல்ல என்று காட்டிய நிகழ்வு ஒன்று 2014-இல் வெளியானது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்டீபன் ரஸ்ஸலின் குழு, மைலோமா என்னும் எலும்புமஜ்ஜைப் புற்றுநோய் முற்றிய 49 வயதுப் பெண் ஒருவருக்கு, மாற்றியமைக்கப்பட்ட தட்டம்மை வைரஸை 10,000 கோடி என்ற அளவில் ஒரே தடவையில் ரத்தத்தில் ஏற்றியது. தட்டம்மைக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லை. கடும் தலைவலியும் உயர்ந்த காய்ச்சலும் வாந்தியும் வந்து ஓய்ந்தன. நெற்றியிலிருந்த கட்டி கரைந்தது. எலும்புமஜ்ஜையில் புற்றுசெல்கள் தென்படவில்லை. சுமார் ஒன்பது மாதம் கழித்து ஓரிடத்தில் நோய் திரும்பி, கதிர்வீச்சால் அது கட்டுப்படுத்தப்பட்டது. அவரோடு சேர்த்து அறிவிக்கப்பட்ட மற்றொரு நோயாளிக்கு இவ்வளவு பலன் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்குப் போடும் தட்டம்மைத் தடுப்பூசியை இன்னொரு முறை போட்டுக்கொண்டால் புற்று கரையுமா என்று இதைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கரையாது, தடுப்பூசியின் அளவு இதன் கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

மற்ற இம்யூனோதெரபி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா?

கூட வேண்டும் என்று சொல்ல நல்ல காரணம் இருந்தது. வைரஸ் டி செல்களைக் கட்டிக்குள் அழைத்துவருகிறது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்த டி செல்களின் தடையை அவிழ்க்கின்றன. ஆனால் மெலனோமா நோயாளிகள் 692 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், பெம்ப்ரோலிசுமாபோடு டி-வெக் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே நோய் கட்டுப்பட்டிருந்த காலத்திலும் ஆயுளிலும் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. கல்லீரல் புற்றுநோய்க்கு பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா வைரஸிலிருந்து உருவான பெக்சா-வெக் மருந்தை சொராஃபெனிப் மாத்திரையோடு கொடுத்த மூன்றாம் கட்ட ஆய்வு, பலனில்லை என்று 2019-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இந்தத் தோல்விகளை எடுத்துச் சொல்லாமல் வெற்றிகளை மட்டும் அடுக்குவது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம். பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளுக்கே நோய் பணியாத நோயாளிகளுக்கு வைரஸ் உதவுமா என்பதுதான் இப்போது அதிகம் ஆராயப்படும் கேள்வி.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு வைரஸ் மருந்து இருக்கிறதாமே?

2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நாடோஃபராஜீன் மருந்தைக் குறிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வைரஸ்தான், ஆனால் புற்றழி வைரஸ் அல்ல. பெருகும் திறன் நீக்கப்பட்ட அடினோவைரஸ். இன்டர்ஃபெரான் மரபணுவைச் சிறுநீர்ப்பையின் உட்சுவர் செல்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் வழியே விடப்படுகிறது. ரத்தப் புற்றுநோய்களுக்கான கார்-டி சிகிச்சையிலும், உடலுக்கு வெளியே டி செல்லின் மரபணுவை மாற்ற வைரஸ் இப்படிச் சுமைதூக்கியாகவே பயன்படுகிறது. பெயரில் வைரஸ் வருவதால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

ஒரு விஞ்ஞானி தன் புற்றுநோய்க்குத் தானே வைரஸ் ஊசி போட்டுக்கொண்டது உண்மையா?

உண்மை. குரோஷியாவின் ஸாக்ரெப் பல்கலைக்கழக வைரஸ் ஆய்வாளர் பியாட்டா ஹலாசி, மார்பகப் புற்றுநோய் மீண்டும் வந்தபோது, 2020-இல், தன் ஆய்வகத்தில் வளர்த்த தட்டம்மை வைரஸையும் கால்நடைகளைத் தாக்கும் வெசிகுலர் ஸ்டொமடைடிஸ் வைரஸையும் அடுத்தடுத்துக் கட்டிக்குள் செலுத்தச் செய்தார். கட்டி சுருங்கி, ஒட்டியிருந்த தசையிலிருந்து விடுபட்டு, அறுவைசிகிச்சையில் எளிதாக அகற்றப்பட்டது. 2024-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. வைரஸைத் தயாரிப்பதிலும் தூய்மைப்படுத்துவதிலும் வாழ்நாள் பயிற்சி பெற்றவர் அவர். புற்றுநோய் மருத்துவர்கள் உடனிருந்து கவனித்தார்கள். அறுவைசிகிச்சையும் அதன்பின் டிராஸ்டுசுமாப் என்னும் மார்பகப் புற்றுநோய் மருந்தும் அவர் பெற்றார். இவற்றை விட்டுவிட்டு, வைரஸ் மட்டுமே குணமாக்கியது என்று பரப்புவது தவறு. இதைப் பார்த்து வேறு யாரும் முயன்றால் உயிருக்கே ஆபத்து.

வெளிநாடு வந்தால் வைரஸ் சிகிச்சை தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா? ஆய்வுகளில் எப்படிச் சேர்வது?

முதலில் குறிப்பிட்ட ரிக்விரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பல நாட்டு நோயாளிகள் அதை நாடிச் சென்று பணம் செலவழித்தார்கள். பலனை நிரூபிக்கும் முறையான ஒப்பீட்டு ஆய்வு அதற்கு இருந்ததில்லை. 2019-இல் சோதித்தபோது, அறிவித்திருந்ததைவிட மிகக் குறைந்த அளவு வைரஸே மருந்தில் இருப்பது தெரியவந்து அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. ஒரு நாட்டின் அனுமதி முத்திரை இருந்தும் இந்த நிலை.

முறையான ஆய்வில் சேர விரும்பினால், உங்கள் புற்றுநோய் மருத்துவர் வழியாகவே செல்லுங்கள். அரசுகள் நடத்தும் பொதுப் பதிவேடுகளில் அந்த ஆய்வு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான ஆய்வில் ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பெருந்தொகை கேட்க மாட்டார்கள். எழுத்தில் விளக்கம் தந்து, படிக்க நேரம் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்வார்கள். அவர்களிடம் நேராகக் கேட்க வேண்டியவை: இது எத்தனையாம் கட்ட ஆய்வு, பாதுகாப்பைப் பார்க்கிறார்களா, பலனைப் பார்க்கிறார்களா? வைரஸ் பெறாத ஒப்பீட்டுக் குழுவில் நான் இடம்பெற வாய்ப்பு உண்டா? இதில் சேர்வதற்காக, பலன் நிரூபிக்கப்பட்ட வேறு எந்தச் சிகிச்சையை நான் தள்ளிப்போட வேண்டியிருக்கும்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.